ஆம்பூர் சாலையில் கரண்ட் போன ராத்திரி

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிற நம்மில் பலருக்கு வேலூர் என்றால் ஆஸ்பத்திரி, ஆம்பூர் என்றால் பிரியாணி, வாணியம்பாடி என்றால் ஜன்னலில் ஓடி மறைகிற ஒரு பெயர்ப் பலகை. அவ்வளவுதான். ஆனால் நம் காலில் மாட்டுகிற செருப்பு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகிற கறுப்பு ஷூ, நம் கைப்பை, வீட்டுக்காரரின் பெல்ட் எல்லாவற்றுக்கும் இந்த வட்டாரத்தோடு ஏதோ ஒரு உறவு இருக்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டினாற்போல் வரிசையாகத் தோல் ஊர்கள். முன்பு எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம். 2019-ல் மூன்றாகப் பிரித்தார்கள். இப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டம், பேரணாம்பட்டு வேலூரோடு.

இந்த வட்டாரத்தை நான் நின்று நிதானமாகப் பார்த்தது சென்ற மே மாதம். அதுவும் நாங்களாக நிற்கவில்லை. வண்டி நின்றது, நாங்களும் நின்றோம்!

வீட்டைக் கட்டிக்கொண்டு ஒரு பயணம்

கேரவன் என்றால் சினிமா நடிகைகள் மேக்கப் போட உட்காரும் வண்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அதைக் குடும்பங்களுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். பக்கத்து கேரளத்தில் 2021-ல் அரசாங்கமே கேரவன் சுற்றுலாவுக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்தது. நம் பக்கமும் பெங்களூர், சென்னை போன்ற ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. வேனுக்குள்ளேயே நாலைந்து பேர் படுக்க இடம், சின்ன அடுப்பு, ஃபிரிட்ஜ், குழாய், கைகழுவும் தொட்டி, கழிப்பறை, குளிர்சாதனம். ஹோட்டல் அறையைத் தேடி அலைய வேண்டாம். கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் வைத்துக்கொண்டு பாத்ரூம் எங்கே என்று தவிக்க வேண்டாம்.

பெங்களூரில் இருக்கும் என் கொழுந்தனார்தான் ஏற்பாடு செய்தார். நான்கு நாள் திட்டம். ஏலகிரியில் ஒரு ராத்திரி, காவலூர் வானாய்வுக் கூடம், பிறகு வேலூர், ஸ்ரீபுரம். நானும் என் வீட்டுக்காரரும், எழுபத்திரண்டு வயது மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, அவர்களுடைய இரண்டு வயதுப் பையன். மாமியாருக்குச் சர்க்கரை; காலையும் மாலையும் இன்சுலின். 'ஃபிரிட்ஜ் இருக்கிற வண்டி, அம்மாவுக்குக் கவலையில்லை' என்றுதான் துணிந்து கிளம்பினோம்.

ஏலகிரி குளிர்ந்த இடம். பொன்னேரியிலிருந்து மலை ஏறும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஊட்டி மாதிரி கூட்டம் இல்லை. ஏரி, தோட்டம், பலாப்பழ வாசனை. மறுநாள் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூருக்குப் போனோம். அங்கே 2.34 மீட்டர் குறுக்களவு கொண்ட பெரிய தொலைநோக்கி இருக்கிறது. 1986-ல் அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி அந்த ஆய்வுக்கூடத்துக்கு விஞ்ஞானி வைனு பாப்புவின் பெயரைச் சூட்டினார். ஊர் விளக்கு வெளிச்சம் படாத இருட்டான இடமாகப் பார்த்துத்தான் அதை அங்கே அமைத்தார்களாம். "அட, இருட்டுக்காக ஒரு இடத்தைத் தேடி வந்திருக்காங்களே!" என்று என் மாமியார் சிரித்தார். அன்று ராத்திரி நாங்கள் தேடாமலே எங்களுக்கும் இருட்டு கிடைக்கப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

சிவப்பு விளக்கு

மலையிலிருந்து இறங்கி வாணியம்பாடி தாண்டி பெங்களூர்-சென்னை நெடுஞ்சாலையில் ஏறும்போது மாலை ஆறரை. முதலில் குழாயில் தண்ணீர் நின்றது. பையனுக்குக் கை கழுவிவிடப் போன ஓரகத்தி, "அக்கா, தண்ணி வரலையே" என்றாள். தொட்டியில் தண்ணீர் இருந்தது. மேலே ஏற்றித் தரும் சின்ன மோட்டார்தான் ஓடவில்லை. அடுத்து மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றியது. பிறகு ஃபிரிட்ஜின் பச்சை விளக்கு அணைந்தது.

டிரைவர் தம்பி எதிரே இருந்த தட்டைப் பார்த்துவிட்டு, "சார், பேட்டரி லைட் சிவப்பா எரியுது. போன டிரிப்புலயே கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. ஓனர் கிட்ட சொல்லியிருந்தேன்" என்றார். ஆம்பூரை நெருங்கும்போது முன்விளக்கே மங்கிவிட்டது. ஹாரன் அடித்தால் ஜலதோஷம் பிடித்த மாதிரி சத்தம். லாரிகள் இடித்துவிடுவது போல் பக்கத்தில் பறக்கின்றன. நல்லவேளையாக ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். அதற்குப் பிறகு செல்ஃப் எடுக்கவே இல்லை.

வண்டிக்குச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டோம். "காலையில் ஆள் அனுப்புகிறோம்" என்றார்கள். அதற்குள் ராத்திரி என்று ஒன்று இருக்கிறதே!

பங்க் பையன் ஒருவன் ஊருக்குள் இருந்த எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியனுப்பினான். எட்டரை மணிக்கு டி.வி.எஸ். வண்டியில் ஒரு பாய் வந்தார். அறுபது வயதிருக்கும். பானட்டைத் திறந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீட்டரை வைத்துப் பார்த்தார். வேறொரு பேட்டரியிலிருந்து வயர் போட்டு என்ஜினை ஓடவிட்டு மறுபடி பார்த்தார்.

"பேட்டரி நல்லாத்தாம்மா இருக்கு. டைனமோதான் சார்ஜ் கொடுக்கலை. வண்டி ஓடறப்ப பதினாலு வோல்ட் காட்டணும். பதினொண்ணே முக்கால்தான் காட்டுது. கழட்டித்தான் பாக்கணும். சாமான் கடை இப்ப சாத்தியிருக்கும். காலைல முதல் வேலையா முடிச்சுத் தரேன்."

பாய் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். வண்டி ஓடும்போது என்ஜினோடு பெல்ட் போட்டுச் சுற்றுகிற ஒரு சாமான் இருக்கிறது. அதன் பெயர் ஆல்டர்னேட்டர். நம் மெக்கானிக்குகளுக்கு இன்னும் அது டைனமோதான். கரண்டைத் தயார் பண்ணுவது அதுதான். பேட்டரி சேமித்து வைக்கிற பெட்டி, அவ்வளவே. ஆல்டர்னேட்டர் படுத்துவிட்டால், சம்பளம் வராத வீட்டில் பாங்கிச் சேமிப்பை எடுத்துச் செலவு பண்ணுகிற கதைதான். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக நடப்பது போலவே தெரியும். பிறகு ஒன்றுமிருக்காது. கேரவனில் என்ஜினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுச் சாமான்களுக்கு ஒரு பேட்டரி என்று இரண்டு உண்டு. ஆனால் எங்கள் வண்டியில் இரண்டுக்கும் தீனி போட வேண்டியது அந்த ஒரே ஆல்டர்னேட்டர்தான்.

ஏசியா, உயிரா?

மே மாதத்து ஆம்பூர் ராத்திரி எப்படியிருக்கும் என்று அந்தப் பக்கத்துச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறைக் குன்றுகள் ராத்திரியில் அனலை மூச்சு விடுகின்றன. தகர வண்டிக்குள் உட்கார முடியவில்லை. பையன் வியர்குரு அரிப்பில் வீறிட்டு அழுகிறான். மாமியார் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்லே, புள்ளையைப் பாருங்க" என்கிறார். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

அப்போது டிரைவர் தம்பி ஒரு யோசனை சொன்னார். "பின்னாடி பெட்டியில சின்ன ஜெனரேட்டர் இருக்கு சார். பங்குக்குள்ள போட விடமாட்டாங்க. வண்டியைத் தள்ளி அந்தப் புளியமரத்துக்கு அடியில விட்டுட்டு ஜெனரேட்டரைப் போட்டா ஏசி ஓடும். கதவைச் சாத்திட்டு ஜம்முனு தூங்கலாம்."

ஆண்கள் இரண்டு பேரும் உடனே தலையாட்டிவிட்டார்கள். அழுகிற குழந்தையையும் வாடின அம்மாவையும் பார்த்தால் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்? நான்தான், "என்னங்க, வேண்டவே வேண்டாம்" என்றேன்.

காரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை பக்கம் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனில் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏசி போட்டுக்கொண்டு தூங்கியவர்கள். ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடு வண்டிக்குள் கசிந்து வந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த நாளிலிருந்து என் மனசில் அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமலும் வராது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து போகும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிடச் சுமார் 200 மடங்கு பலமாக அது ஒட்டிக்கொள்ளும். லேசான தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு தூக்கம். தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை. குழந்தைகளையும் வயதானவர்களையும் இன்னும் சீக்கிரம் பாதிக்கும். என்ஜினை ஓடவிட்டுக் கார் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு தூங்குவதும், சாத்திய அறைக்குள் கரியடுப்பு மூட்டுவதும் இதே ஆபத்துதான்.

"ஒரு ராத்திரிக்கு என்ன ஆயிடும் அண்ணி? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கலாம்" என்றார் கொழுந்தனார். "ஜன்னல் வழியா புகை வெளியேதான் போகணும்னு ஏதாவது சட்டமா தம்பி? உள்ளேயும் வருமே" என்றேன். ஓரகத்தி பையனைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி நின்றுவிட்டாள். "அக்கா சொல்றதுதான் சரி. நான் இந்த வண்டிக்குள்ள படுக்க மாட்டேன்" என்றாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஆட்கள் எல்லாரும் வெளியே இருந்துகொண்டு ஃபிரிட்ஜுக்கு மட்டுமாவது ஓட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தோம். பத்து நிமிஷம் இருமிவிட்டு அதுவும் நின்றுபோனது.

பானைக்குள் இன்சுலின்

இப்போது இன்சுலினுக்கு என்ன வழி? பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரைக்குள் வைக்க வேண்டும். பிரித்ததை, 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் போகாத சாதாரண அறையில் சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம்; மருந்துக்கு மருந்து இது கொஞ்சம் மாறும், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் மே மாதத்து வண்டிக்குள் இருக்கும் சூடு 'அறை வெப்பம்' ஆகுமா? ஆம்பூரில் திறந்திருந்த மருந்துக் கடையில் அதே ரகம் இல்லை. ஐஸ் கட்டி வாங்கி அதில் புதைக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். அதுவும் தப்பு. இன்சுலின் உறைந்துபோனால் பிறகு உபயோகமில்லை. தூக்கி எறிய வேண்டியதுதான்.

பங்குக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. வைத்திருந்தவர் என் வயதுக்காரப் பெண்மணி. நாங்கள் அல்லாடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். "என்னம்மா மருந்து அது, குளிர்ச்சியா இருக்கணுமா? எங்க வீட்டுப் பானையில வைங்களேன். எங்க மாமனாருக்கு அப்படித்தான் வெச்சோம், நர்சம்மாதான் சொன்னாங்க" என்றார்.

கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. ஒரு பெரிய மண்பானையில் பாதிக்கு மணலைப் போட்டு, மணல் ஊறும்படி தண்ணீர் விட்டார். நடுவில் ஒரு சின்ன மண் கலயத்தை அழுத்தி உட்கார வைத்தார். இன்சுலினை அட்டைப்பெட்டியோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி, தண்ணீர் படாமல் கலயத்துக்குள் வைத்தோம். மேலே தட்டு, தட்டின் மேல் ஈரத்துணி. காற்று வருகிற நடையில், நிழலான மூலையில் வைத்தார்.

பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். மண் சுவரில் கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது. ஆனால் வெளிச் சூட்டைவிடப் பல டிகிரி குறைத்துக் காப்பாற்றிக் கொடுக்கும். வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் அவ்வளவாகப் பலிக்காது. மாமியாரின் டாக்டருக்குப் போன் செய்து கேட்டோம். "ஒரு ராத்திரிக்குத் தாராளமாக வைக்கலாம். காலையில் மருந்து கட்டி தட்டியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா பாருங்கள். சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"வண்டியில கஷ்டப்படாதீங்க, மாடியில வந்து படுங்க. காத்து வரும்" என்றார் அந்த அக்கா. மாமியார் மாடிப்படி ஏற முடியாமல் திண்ணையிலேயே படுத்துக்கொண்டார். நான் அவருக்குத் துணை. மற்றவர்கள் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தார்கள். பதினொரு மணிக்கு மேல் பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. பையன் தூங்கிவிட்டான்.

பாலாறு, தோல், தண்ணீர்

தூக்கம் வராமல் நானும் அந்த அக்காவும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். குடிக்கக் கேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "கிணத்துத் தண்ணி உப்பும்மா. பாத்திரம் கழுவத்தான். எங்க மாமியார் காலத்துல இதே கிணத்துல குடிச்சாங்களாம்" என்றார்.

அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். நாள் பிடிக்கும், தோல் பழுப்பாக, மணமாக இருக்கும். பிறகு குரோமியம் உப்பு போட்டுச் சீக்கிரமே முடிக்கிற முறை பரவியது. தோல் கெடாமலிருக்கப் போடுகிற உப்பும், இந்த ரசாயனங்களும் கழிவுநீரோடு சேர்ந்து பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கின. வேலூர் மக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்றும், இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ பாழாகிவிட்டது என்றும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அழுக்காக்கியவரே செலவு கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற நியாயத்தை நாட்டுக்கே அழுத்திச் சொன்ன தீர்ப்பு அது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. ஆனாலும் நிலத்துக்குள் இறங்கிய உப்பு சுலபத்தில் ஏறி வெளியே வருவதில்லை.

"அப்ப கம்பெனியெல்லாம் மூடணும்கிறீங்களா?" என்று கேட்டுவைத்தேன். அக்கா உடனே, "ஐயையோ, என் பொண்ணு ஷூ கம்பெனியிலதாம்மா தைக்கிறா. அவ சம்பளத்துலதான் இந்த மாடி எழும்பிச்சு. கம்பெனியும் வேணும், கிணறும் வேணும்" என்றார். எத்தனை கட்டுரை படித்தாலும் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லமாட்டார்கள்.

விடிந்ததும் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தலைநிறையப் பூ, தோளில் சாப்பாட்டுப் பை. சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்காக வரிசையாகப் பெண்கள். ஒவ்வொரு பஸ்ஸும் சுற்று கிராமங்களிலிருந்து அள்ளிக்கொண்டு வருகிறது. ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலையில் பெரும்பாலும் பெண்கள்தானாம். கடல் கடந்து போகிற ஷூக்களில் இவர்களுடைய கைத்தையல் இருக்கிறது.

மாமியாரின் இன்சுலின் தெளிவாக இருந்தது. சர்க்கரையைப் பார்த்தோம், 148. எல்லோர் முகத்திலும் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

பாய் சொன்னபடி ஏழரைக்கே வந்துவிட்டார். ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பிரித்துக் காட்டினார். உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் இரண்டும் சுண்டு விரல் நகம் அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தன. பெல்ட்டும் வெடித்திருந்தது. ரெகுலேட்டரையும் சேர்த்து மாற்றினார். பத்தரைக்கு மீட்டரில் பதினாலு வோல்ட்! ஃபிரிட்ஜ் விளக்கு பச்சையாக எரிந்ததும் என் பிள்ளை பாஸான மாதிரி சந்தோஷம். சாமான், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள்தான் ஆயிற்று. மேலே கொடுக்கப்போன பணத்தை வாங்கவில்லை. "வயசான அம்மா இருக்காங்க, பாத்துப் போங்க" என்றார்.

வேலூருக்குப் போனோம்

மத்தியானச் சாப்பாடு ஆம்பூரிலேயே. சீரகச் சம்பா அரிசி, அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, தயிர், இறைச்சி எல்லாம் சேர்த்துத் தம் போடுகிற பிரியாணி. ஆற்காடு நவாபு வீட்டுச் சமையலிலிருந்து வந்தது என்பார்கள். தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்தரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் புவிசார் குறியீடு வாங்கியது. சர்க்கரைக்காரர்கள் சோற்றைக் குறைத்துக் கத்தரிக்காயைக் கூட்டிக்கொள்ளலாம். என் மாமியார் அப்படித்தான் செய்தார்.

ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். அகழி சூழ்ந்த கோட்டை, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். பல காலம் சுவாமி இல்லாமலிருந்த கருவறையில் 1981-ல்தான் மீண்டும் லிங்கம் வந்தது. 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இந்தக் கோட்டையில்தான். ஸ்ரீபுரம் பொற்கோயில் 2007-ல் குடமுழுக்கு கண்டது.

எனக்கு மனசில் நின்றது வேறொன்று. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பதால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவம் படித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமத்துப் பெண்களைத் தேடித் தானே போனார். மாட்டுவண்டியிலும், 1909-ல் கிடைத்த ஒரு பெஜோ காரிலும். அந்தக் காரைக் கண்டு கிராமத்து ஜனங்கள் பேய் வருகிறது என்று ஓடினார்களாம். மரத்தடியில் வண்டியை நிறுத்தி அங்கேயே வைத்தியம். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இதே சாலைகளில், மெக்கானிக்கும் போனும் இல்லாத காலத்தில், ஒரு பெண் வண்டியோடு எத்தனை முறை நின்றிருப்பாரோ!

கிளம்புமுன் சில குறிப்புகள்

கேரவனோ, டூரிஸ்ட் வேனோ, சொந்தக் காரோ, குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன்:

1. முன்பணம் கொடுக்கும் முன், என்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் நல்லது. என்ஜின் நின்றிருக்கும்போது நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6 காட்டும்.

2. ஓடும்போது சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால், உடனே ஏசி, ஃபேன், போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெளிச்சமும் மனிதர்களும் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் கரண்ட் முன்விளக்குக்கு வேண்டும்.

3. ஜெனரேட்டரோ என்ஜினோ ஓடும்போது, நிற்கும் வண்டிக்குள் யாரும் தூங்கக்கூடாது. கார்பன் மோனாக்ஸைடு வந்தால் கூவுகிற சின்ன அலாரம் கடைகளில் கிடைக்கிறது. தலை சுற்றினாலோ, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி வந்தாலோ, முதலில் வெளியே வாருங்கள்; பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள்.

4. இன்சுலினுக்குத் தனியாக ஒரு தெர்மாஸ் பை. ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டக்கூடாது; நடுவில் துணி சுற்றுங்கள். டாக்டர் சீட்டின் நகல் கைப்பையில் இருக்கட்டும்.

5. மோட்டாரை நம்பாமல் இரண்டு குடம் தண்ணீர், ஒரு சொம்பு. டார்ச், பனை விசிறி, ஒரு பருத்தித் துண்டு. கரண்ட் இல்லாவிட்டாலும் இவை வேலை செய்யும்.

6. கைக்குழந்தைக்குப் பாலை ஃபிரிட்ஜை நம்பிக் காய்ச்சி வைக்காதீர்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையானால் கவலையே இல்லை. மற்றக் குழந்தைகளுக்கு அவ்வப்போது காய்ச்சிக் கொடுங்கள்.

காவலூருக்குப் போகிறவர்கள் பொதுமக்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கோடையில் போவதைவிட, மழை ஓய்ந்த பிறகு டிசம்பர், ஜனவரியில் போனால் மலையும் பச்சை, ராத்திரியும் சுகம். ஆம்பூரில் நிறுத்தும்போது பிரியாணியோடு கிளம்பிவிடாமல், சாலையோரம் பூ வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் அந்தப் பெண்களையும் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் பிள்ளையின் ஷூவை அவர்களில் ஒருத்தி தைத்திருக்கக்கூடும்.